படுக்கையருகே இதய ஸ்கேன்: எமர்ஜென்சி பிஜி டாக்டர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு இரண்டரை மணி. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிய 55 வயதுக்காரருக்கு ரத்த அழுத்தம் 70/40. கை கால் சில்லிட்டிருக்கிறது, மூச்சு வாங்குகிறது, பேச்சு துண்டு துண்டாக வருகிறது. சலைன் ஓட்டலாமா, நிறுத்தி வைக்கலாமா? இதயம் பிழியச் சக்தியில்லாமல் இருந்தால் ஒரு லிட்டர் சலைன் அவரை மூழ்கடித்துவிடும். ரத்தமோ நீரோ இழந்து வறண்டிருந்தால் அதே ஒரு லிட்டர்தான் உயிரைக் காக்கும். இதயத்தைச் சுற்றி நீர் கோத்து நெரித்துக்கொண்டிருந்தால் சலைன் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். ஊசி போட்டு வடித்தால்தான் தீரும். வெளியிலிருந்து பார்க்கும்போது மூவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பார்கள்.

இந்த மூவரையும் பிரித்துக் காட்டும் அல்ட்ராசவுண்ட் மெஷின் பெரும்பாலும் அதே அறையின் மூலையில்தான் நிற்கிறது. அதை இழுத்து வந்து, ஒலியை அனுப்பிப் படம் பிடிக்கும் ப்ரோபை நெஞ்சில் வைக்கக் கற்றுக்கொள்வதற்கே இந்த வழிகாட்டி. எமர்ஜென்சி மெடிசினில் பிஜி சேர்ந்து, முதல் ஆறு மாதத்தில் மெஷினைக் கண்டு தயங்கி நிற்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சீனியர் பக்கத்தில் இருக்கும்போது கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது. வாசித்துவிட்டுத் தனியாக முடிவெடுக்க அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கார்டியாலஜியில் செய்யும் முழு எக்கோ (விரிவான இதய ஸ்கேன்) வேறு, நாம் செய்வது வேறு. அவர்கள் வால்வுகளின் அழுத்த வேறுபாட்டை அளப்பார்கள், சுவரின் ஒவ்வொரு பகுதியும் எப்படி அசைகிறது என்று பார்ப்பார்கள், அரைமணி நேரம்கூட எடுத்துக்கொள்வார்கள். நமக்கு இருப்பது சில நிமிடங்கள். நாம் சில கேள்விகளுக்கு மட்டும் ஆம், இல்லை, தெரியவில்லை என்று பதில் தேடுகிறோம். அமெரிக்க எக்கோகார்டியோகிராஃபி சங்கமும் அமெரிக்க எமர்ஜென்சி மருத்துவர்கள் கல்லூரியும் சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை இந்த எல்லையைத்தான் வரைந்தது.

கேள்வி முதலில், ப்ரோப் அப்புறம்

ப்ரோபை எடுக்கும் முன் உங்கள் கேள்வியை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இவருக்கு இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா?" என்று நர்ஸுக்குக் கேட்கும்படி சொன்னால் போதும். கேள்வி இல்லாமல் ஸ்கேன் செய்தால் திரையில் எதையாவது பார்ப்பீர்கள், பார்த்ததற்கு ஏதாவது அர்த்தம் கற்பித்துக்கொள்வீர்கள். என் ஜூனியர்கள் செய்த தவறுகளில் பாதி இப்படித்தான் வந்தது. நான் செய்ததும் அப்படித்தான்.

கேள்விகள் மொத்தம் ஐந்து. இதய உறைக்குள் நீர் இருக்கிறதா? இடது கீழறை நன்றாகப் பிழிகிறதா? வலது கீழறை பெருத்திருக்கிறதா? ஐ.வி.சி. எனும் கீழ்ப் பெருஞ்சிரை நிரம்பி நிற்கிறதா, வற்றிக் கிடக்கிறதா? நாடி இல்லாதவர் என்றால், இதயம் அசைகிறதா? இதற்கு மேல் எது கண்ணில் பட்டாலும் அதைக் கார்டியாலஜியிடம் கேட்பதற்கான குறிப்பாக எழுதி வையுங்கள். முடிவாக எழுத வேண்டாம்.

மெஷினைத் தயார் செய்வது

தோலில் படும் பரப்பு சின்னதாக, முனை சதுரமாக இருக்கும் ஃபேஸ்டு அரே ப்ரோபை எடுங்கள். 1 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். விலா எலும்புகளின் இடுக்கில் நுழைந்து பார்க்க இதுதான் வசதி. அது இல்லாவிட்டால் வயிறு பார்க்கும் வளைந்த ப்ரோபிலும் விலாவுக்குக் கீழிருந்து இதயத்தைப் பார்க்கலாம். நீர் இருக்கிறதா, இதயம் அசைகிறதா என்ற அளவுக்கு அதுவே போதும்.

அடுத்தது, புதியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது விழும் குழி. கார்டியாக் செட்டிங்கில் திரையின் அடையாளப் புள்ளி வலது பக்கம் இருக்கும். வயிற்று ஸ்கேன் செட்டிங்கில் அது இடது பக்கம். இதைக் கவனிக்காமல் ஆரம்பித்தால் படம் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி வரும். வலது அறையை இடது அறை என்று நினைத்துவிடுவீர்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் திசைகள் எல்லாம் கார்டியாக் செட்டிங்குக்கானவை. புள்ளி இடப்பக்கம் இருந்தால் ப்ரோபின் முனைக்குறியை (அதன் பக்கவாட்டில் இருக்கும் அடையாளத்தை) அப்படியே எதிர்த் திசைக்குத் திருப்பிப் பிடிக்க வேண்டும். மெஷினை ஆன் செய்ததும் முதலில் அந்தப் புள்ளியைத் தேடுங்கள்.

ஆழத்தை 16 செ.மீ. அளவில் வைத்துத் தொடங்கி, சுற்றியிருப்பதையெல்லாம் பார்த்த பின் இதயம் திரையை நிறைக்கும்படி குறைத்துக்கொள்ளுங்கள். கெயின், அதாவது படத்தின் பிரகாசம், ரத்தம் கறுப்பாகவும் தசை சாம்பல் நிறமாகவும் தெரியும் அளவுக்கு. அதிகமாக ஏற்றினால் நீரும் சாம்பலாகிவிடும். முடிந்தால் கட்டில் மேலே இருக்கும் விளக்கை அணையுங்கள். வெளிச்சத்தில் கெயினை ஏற்றி ஏற்றிப் படத்தைக் கெடுப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது.

நோயாளியிடம் பேசுங்கள். "அம்மா, இதயம் எப்படி இயங்குதுன்னு ஸ்கேன்ல பார்க்கப் போறோம். ஜெல் கொஞ்சம் குளிரா இருக்கும், வலிக்காது" என்று சொல்ல ஐந்து நொடி ஆகாது. பெண் நோயாளி என்றால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒரு பெண் ஊழியரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தேவையான இடம் மட்டும் தெரியும்படி மற்றதைத் துணியால் மூடுங்கள். எவ்வளவு அவசரம் என்றாலும் இதற்கு நேரம் இருக்கிறது.

இந்தியாவில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994இல் வந்த சட்டம் எல்லா அல்ட்ராசவுண்ட் மெஷினுக்கும் பொருந்தும், இதயம் மட்டும் பார்ப்பதற்கு வாங்கிய கையடக்க மெஷினும் அதில் அடக்கம். மெஷின் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவான இடத்தை விட்டு இஷ்டத்துக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது. உங்கள் பிரிவில் யார் யார் பயன்படுத்தலாம் என்பதை முதல் வாரமே நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையைப் பழக்குவது

ப்ரோபைப் பேனா பிடிப்பது போலப் பிடியுங்கள். சுண்டு விரலும் உள்ளங்கையின் ஓரமும் நோயாளியின் நெஞ்சில் ஊன்றியிருக்கட்டும். காற்றில் தொங்கும் கையால் யாருக்கும் நல்ல படம் வந்ததில்லை. அசைவுகள் நான்கு: இடம் மாற்றி நகர்த்துவது, இருந்த இடத்திலேயே விசிறி போலச் சாய்ப்பது, அச்சில் திருப்புவது, முனைக்குறி இருக்கும் திசையில் முன்னும் பின்னும் ஆட்டுவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். படம் கிடைக்காத பதற்றத்தில் நான்கையும் சேர்த்துச் செய்தால், கிடைத்த படத்தையும் தொலைத்துவிட்டு எங்கே தொலைத்தோம் என்று தெரியாமல் நிற்பீர்கள். முதலில் நகர்த்தி ஜன்னலை, அதாவது இதயம் தெரியும் இடத்தை, தேடுங்கள். ஜன்னல் கிடைத்தபின் திருப்புங்கள், கடைசியாகச் சாய்த்துப் பாருங்கள்.

முதல் பார்வை: பாராஸ்டெர்னல் லாங்

மார்பெலும்பின் இடது ஓரத்தை ஒட்டி, 3 அல்லது 4ஆவது விலா இடுக்கில் ப்ரோபைச் செங்குத்தாக வையுங்கள். முனைக்குறி நோயாளியின் வலது தோளைப் பார்க்கட்டும். நோயாளி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருங்கி வரும். படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குபவரை வற்புறுத்த வேண்டாம். அவரைக் கொஞ்சம் முன்னால் சாயச் சொல்லிப் பார்த்தால் படம் கிடைப்பதுண்டு.

திரையில் மேலிருந்து கீழாகப் படியுங்கள். மேலே வலது கீழறை, அதற்குக் கீழே இடைச்சுவர், அப்புறம் இடது கீழறை. வலப்பக்கம் அயோர்ட்டிக் வால்வும் பெருந்தமனியின் தொடக்கமும், அதன் கீழே இடது மேலறை. இவற்றுக்கெல்லாம் பின்னால் சிறு வட்டமாக ஒன்று தெரியும். அதுதான் கீழிறங்கும் பெருந்தமனி. அந்த வட்டத்தைக் கண்டுபிடிக்காமல் இந்தப் பார்வையை முடிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

பிஜி முதல் வருடத்தில் ஒரு வயதானவருக்கு இந்தப் பார்வையில் இதயத்தின் முன்னால் கறுப்புப் பட்டை ஒன்றைப் பார்த்துவிட்டு, "சார், நீர் இருக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். சீனியர் பதில் பேசாமல் ப்ரோபுக்கு மேல் என் கையைப் பிடித்து, ஆழத்தைக் கூட்டி, "பின்னாடி பாரு" என்றார். பின்னால் எதுவுமே இல்லை. நான் பார்த்தது கொழுப்பு. கொழுப்பு பெரும்பாலும் முன்னால் மட்டும் இருக்கும், உள்ளே மெல்லிய புள்ளிகள் தெரியும், இதயத்தோடு சேர்ந்து ஆடும். கட்டுப்பாடில்லாமல் ஓடும் நீர், படுத்திருப்பவருக்கு முதலில் பின்னால்தான் தேங்கும்.

பின்னால் கறுப்பாகத் தெரிந்தால் அது எந்த நீர்? இங்கேதான் அந்த வட்டம் உதவுகிறது. இதய உறைக்குள் இருக்கும் நீர் கீழிறங்கும் பெருந்தமனிக்கு முன்னால், அதற்கும் இதயத்துக்கும் நடுவே ஆப்பு போல நுழையும். இடது நுரையீரல் உறையில் இருக்கும் நீர் அந்த வட்டத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும். ஊசியை எங்கே குத்துவது என்பதே இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

இதே பார்வையில், இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே இருக்கும் மிட்ரல் வால்வையும் நன்றாகப் பாருங்கள். நம் ஊரில் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தார். வீசிங் என்று முதலில் போன இடத்தில் மூன்று முறை நெபுலைசேஷன் கொடுத்திருந்தார்கள். நாடி 140. கூட வந்த அம்மா, "சின்ன வயசுல இவளுக்கு மூட்டு மூட்டா வீங்கும் டாக்டர்" என்றார். ப்ரோபை வைத்ததும் மிட்ரல் வால்வின் முன் இதழ் நுனி ஒட்டிக்கொண்டு, நடுப்பகுதி மட்டும் வளைந்து, ஹாக்கி மட்டையைப் போலத் தெரிந்தது. இடது மேலறை பலூனாக ஊதியிருந்தது. ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப் போன மிட்ரல் சுருக்கம். இவர்களுக்கு நாடி வேகம் கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும், நெபுலைசேஷன் மருந்தோ நாடியை இன்னும் விரட்டும். அன்றைக்குச் சிகிச்சையின் திசையே மாறியது. சுருக்கம் எவ்வளவு என்று அளப்பது நம் வேலை இல்லை. வால்வின் வடிவம் சரியில்லை என்று கவனித்துக் கார்டியாலஜியை உடனே அழைப்பது நம் வேலை.

ஷார்ட், ஏபிக்கல்

ஷார்ட் என்பது இதயத்தின் குறுக்குவெட்டுப் பார்வை. லாங் பார்வை கிடைத்த இடத்திலேயே கையை ஊன்றியபடி ப்ரோபைக் கடிகாரத் திசையில் 90 டிகிரி திருப்புங்கள். முனைக்குறி இடது தோளைப் பார்க்கும். இப்போது இடது கீழறை வட்டமாகவும், வலது கீழறை அதன் பக்கத்தில் பிறைபோல ஒட்டிக்கொண்டும் தெரியும். மிட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் பாப்பில்லரி தசைகள் இரண்டும் வட்டத்துக்குள் குமிழ்களாகத் தெரியும் மட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். வட்டம் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்குகிறதா? இடைச்சுவர் தட்டையாகி, வட்டம் ஆங்கில டி எழுத்து போல ஆகியிருந்தால் வலது பக்கம் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். ப்ரோப் சாய்வாக இருந்தாலும் வட்டம் முட்டையாகத் தெரியும், அதனால் கையைச் சரிசெய்து இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஏபிக்கல் ஃபோர் சேம்பர் பார்வை கற்றுக்கொள்ள அதிக நாளாகும். இதய நுனி துடிப்பதைக் கையால் தொட்டுத் தேடி, அங்கே ப்ரோபை வைத்து, முனைக்குறியை நோயாளியின் இடது பக்கமாகத் திருப்பி, ஒலியை வலது தோளை நோக்கி அனுப்புங்கள். பெண்களுக்கு மார்பகத்துக்கு அடியில் ப்ரோபை வைக்க வேண்டியிருக்கும். நோயாளியையே தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம், முடியாதபோது உங்கள் புறங்கையைப் பயன்படுத்துங்கள். இரண்டு கீழறைகளும் பக்கம் பக்கமாகத் தெரியும் இந்தப் பார்வையில்தான் வலது கீழறையின் அளவை ஒப்பிட வேண்டும். சாதாரணமாக அது இடதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்காது. ஒரு எச்சரிக்கை: நுனிக்கு மேலே ப்ரோபை வைத்துவிட்டால் இதயம் குட்டையாகத் தெரியும், பிழிதலும் இருப்பதைவிட நன்றாகத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு விலா இடுக்கு கீழே இறங்கிப் பாருங்கள்.

விலாவுக்குக் கீழிருந்து

எமர்ஜென்சியில் எனக்கு மிகவும் கைகொடுத்தது இந்தப் பார்வைதான். பீடிப் பழக்கத்தால் நுரையீரல் ஊதிப்போனவர்களுக்கு நெஞ்சில் எங்கே வைத்தாலும் காற்றுதான் தெரியும். ஆனால் அவர்களுக்கு இதயம் கீழே தள்ளப்பட்டிருப்பதால் விலாவுக்குக் கீழிருந்து அழகாகத் தெரியும். நெஞ்சழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அழுத்துபவரின் கைக்கு இடைஞ்சல் இல்லாமல் வைக்கக்கூடிய இடமும் இதுதான்.

இங்கே மட்டும் பேனாப் பிடி உதவாது. ப்ரோபின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடியுங்கள். மார்பெலும்பின் கீழ் நுனிக்குச் சற்றுக் கீழே, வயிற்றோடு ஏறக்குறைய படுக்கையாக வைத்து, முனைக்குறியை நோயாளியின் இடது பக்கம் திருப்பி, இடது தோளை நோக்கிப் பாருங்கள். ஆழத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து கல்லீரலை நடுவில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒலி அதன் வழியே தடையில்லாமல் போகும். நேராக இரைப்பையின் மேல் வைத்தால் அங்கிருக்கும் காற்று எல்லாவற்றையும் மறைத்துவிடும். "ஐயா, முட்டியை மடக்கி வைங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்னால் வயிறு தளரும், இதயமும் கீழே இறங்கி வரும்.

அங்கேயே வலது மேலறையைத் திரையின் நடுவில் கொண்டுவந்து, அதை விடாமல், முனைக்குறியைத் தலைப்பக்கம் திருப்பினால் ஐ.வி.சி. நீளவாக்கில் தெரியும். கல்லீரலின் சிரை அதில் சேர்வதையும், அது மேலறைக்குள் திறப்பதையும் பார்த்தால்தான் ஐ.வி.சி. என்று நம்புங்கள். பெருந்தமனி அதற்குப் பக்கத்திலேயே, இடப்பக்கமாக, தடித்த சுவரோடு ஓடுகிறது. நல்ல டாக்டர்களும் அதை ஐ.வி.சி. என்று எண்ணி ஏமாந்திருக்கிறார்கள்.

மேலறையில் சேரும் இடத்திலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும். விட்டம் 2.1 செ.மீ. அல்லது அதற்குள் இருந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் வலது மேலறையில் அழுத்தம் குறைவு. 2.1க்கு மேல் இருந்து, பாதிகூடச் சுருங்காவிட்டால் அழுத்தம் அதிகம். இடைப்பட்டவற்றை இடைப்பட்டவை என்றே எழுதுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஐ.வி.சி.யை மட்டும் பார்த்துச் சலைன் தீர்மானிப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. மெலிந்த ஐ.வி.சி. நல்ல ஆரோக்கியமானவருக்கும் இருக்கும். இதயம் எப்படிப் பிழிகிறது, நுரையீரலில் நீர் இருக்கிறதா என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது ஏதாவது சொல்லும்.

பார்த்ததைப் படிப்பது

நீர். துடிப்பின் தளர்வு நேரத்தில் 1 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் சிறிது, 1 முதல் 2 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஆனால் உயிரைத் தீர்மானிப்பது அளவைவிட வேகம். கத்திக்குத்தில் சட்டென்று சேரும் 200 மி.லி. ரத்தம் ஆளைச் சாய்த்துவிடும். காசநோயில் மெல்ல மெல்லச் சேர்ந்த ஒரு லிட்டரோடு நடந்தே வருபவர்களும் உண்டு. நெரிக்கிறதா என்று பார்க்க வலது கீழறையின் வெளிச்சுவரைக் கவனியுங்கள். மிட்ரல் வால்வு திறந்திருக்கும் நேரத்தில், அதாவது அறை விரிய வேண்டிய நேரத்தில், அந்தச் சுவர் உள்ளே குழிந்தால் நெரிக்கிறது. கூடவே ஐ.வி.சி. பருத்து அசையாமல் நின்றால் சந்தேகம் வலுக்கும். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். அப்போதும் டாம்பனேட் (நீர் இதயத்தை நெரிக்கும் நிலை) என்பது நோயாளியைப் பார்த்துச் சொல்லும் முடிவு. ரத்த அழுத்தம், நாடி, கழுத்துச் சிரை இவற்றோடு படத்தைச் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, காயம்பட்டவருக்கு உறைந்த ரத்தம் கறுப்பாகத் தெரியாது. தசையைப் போலச் சாம்பலாக இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

பிழிதல். எண் சொல்ல அவசரப்படாதீர்கள். நன்றாக இருக்கிறது, குறைந்திருக்கிறது, மிகவும் குறைந்திருக்கிறது, அளவுக்கு மீறி ஓடுகிறது என்ற நான்கு வகைகள் போதும். சுவர்கள் உள்ளே வருகின்றனவா, வரும்போது தடிக்கின்றனவா, மிட்ரலின் முன் இதழ் எட்டிப்போய் இடைச்சுவரைத் தொடுமளவு திறக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். ஒரே கோட்டின் அசைவை நேரப்படி வரைந்து காட்டும் எம் மோடில் அந்த இதழுக்கும் இடைச்சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், 7 மி.மீ.க்கு மேல் இருப்பது பிழிதல் வெகுவாகக் குறைந்ததைக் காட்டும். மேலே சொன்ன கர்ப்பிணியைப் போல மிட்ரல் சுருங்கியவர்களுக்கு இந்த அளவு செல்லாது, அவர்களின் இதழ் வேறு காரணத்தால் திறக்காமல் நிற்கிறது. அயோர்ட்டிக் வால்வு கசிபவர்களுக்கும் அப்படித்தான்.

வலது பக்கம். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தால் வலது கீழறை பெருக்கும். அதன் சுவர் நடுவில் அசையாமல் நின்று, நுனி மட்டும் துள்ளும் காட்சியை 1996இல் மெக்கானல் என்பவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஆனால் பெருத்த வலது அறை எல்லாமே புதிய அடைப்பு அல்ல. பல வருட நுரையீரல் நோயால் பெருத்திருந்தால் அதன் சுவர் 5 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கும். கீழ்ச்சுவர் மாரடைப்பு வலது பக்கத்துக்கும் பரவியிருந்தாலும் இப்படித்தான் தெரியும், அதனால் ஈ.சி.ஜி.யைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன்: நிலையாக இருக்கும் நோயாளிக்கு வலது அறை சரியாகத் தெரிந்தாலும் ரத்தக்கட்டி இல்லை என்று ஆகாது. ஆனால் ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருப்பவருக்கு வலது அறை இயல்பாக இருந்தால், அந்த அதிர்ச்சிக்குக் காரணம் வேறு எங்கோ இருக்க வாய்ப்பு அதிகம்.

நாடி நின்றவருக்கு: 10 நொடி

இங்கே விதி கடுமையானது. நெஞ்சழுத்தத்தை நிறுத்திவிட்டு ஸ்கேன் செய்யக் கூடாது. 2017இல் வந்த ஓர் ஆய்வு ஸ்கேன் செய்தபோது நாடி பார்க்கும் இடைவெளி சராசரியாக 21 நொடி ஆனதையும், செய்யாதபோது அது 13 நொடியாக இருந்ததையும் காட்டியது. அந்த எட்டு நொடியில் மூளைக்குப் போகும் ரத்தம் நிற்கிறது. உதவ வந்த மெஷினே கெடுதல் செய்வதை அனுமதிக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். அழுத்தம் நடக்கும்போதே விலாவுக்குக் கீழே ப்ரோபை வைத்து இதயம் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைமை தாங்குபவர் வேறு, ஸ்கேன் செய்பவர் வேறாக இருக்கட்டும். அழுத்தம் நின்றதும் ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். ஒருவர் பத்து, ஒன்பது, எட்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். எண்ணி முடிந்ததும், படம் கிடைத்ததோ இல்லையோ, கையை எடுத்துவிடுங்கள். பதிவானதை அழுத்தம் மீண்டும் நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அசைவு என்றால் தசை சுருங்க வேண்டும். வென்டிலேட்டர் தள்ளுவதால் ஆடுவதும், வால்வு இதழ் மட்டும் மிதப்பதும் கணக்கில் வராது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 20 மருத்துவமனைகளில் 793 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், அசைவு தெரிந்தவர்களில் 3.8 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள், தெரியாதவர்களில் 0.6 சதவீதம் பேர். அசைவு இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து முயற்சியை நிறுத்த இது போதாது. மற்றவற்றோடு சேர்த்துச் சீனியர் முடிவெடுப்பார். இதயம் நின்றவர்களுக்கு எந்தக் காரணத்தால் நின்றாலும் சில நிமிடங்களில் வலது அறை பெருத்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். அதை மட்டும் பார்த்து ரத்தக்கட்டி என்று கரைக்கும் மருந்துக்கு ஓட வேண்டாம்.

எவ்வளவு பழகினால் போதும்

இந்தியாவில் எமர்ஜென்சி மெடிசின் 2009இல்தான் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது. ஆகவே பல இடங்களில் உங்களுக்குச் சொல்லித்தரும் சீனியரே பாதியில் தானாகக் கற்றுக்கொண்டவராக இருக்கலாம். அமெரிக்க எமர்ஜென்சி மருத்துவர்கள் கல்லூரி ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் 25 முதல் 50 வரை செய்து, அவற்றை இன்னொருவர் சரிபார்த்திருக்க வேண்டும் என்கிறது. எண்ணைவிட அந்தச் சரிபார்ப்பு முக்கியம். தவறாகவே 50 செய்தால் தவறு கையில் ஊறிவிடும்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் முறை எளிது. முதல் 20 ஸ்கேனும் நோயில்லாதவர்களிடம் செய்யுங்கள், பேட்ச் நண்பர்களே போதும். இயல்பான இதயம் கண்ணில் பதியாமல் நோயுள்ள இதயத்தை அடையாளம் காண முடியாது. அடுத்து, கார்டியாலஜியில் முழு எக்கோவுக்குப் போகும் நோயாளிகளுக்கு அதற்கு முன்பே நீங்கள் செய்து, உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் பிரித்து ஒப்பிடுங்கள். எழுதாமல் மனதில் வைத்தால், ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நாமும் அதைத்தான் நினைத்தோம் என்று தோன்றிவிடும். ஒவ்வொரு ஸ்கேனையும் வீடியோவாகச் சேமித்து, வாரம் ஒரு முறை யாராவது சீனியரோடு உட்கார்ந்து பாருங்கள்.

கேஸ் ஷீட்டில் எழுதும்போது நேரம், கேட்ட கேள்வி, பார்த்த ஜன்னல்கள், பதில். "விலாவுக்குக் கீழ்ப் பார்வை மட்டும் கிடைத்தது. நீர் இல்லை. பிழிதல் குறைவு. வலது அறை சரியாகத் தெரியவில்லை. முழு எக்கோ தேவை." இவ்வளவு போதும். "தெரியவில்லை" என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். அதைப் படித்து யாராவது இன்னொரு முறை பார்ப்பார்கள். "சரியாக இருக்கிறது" என்று பொய்யாக எழுதினால் யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள்.

வாசலில் நிற்கும் உறவினர்கள், "ஸ்கேன்ல என்ன தெரியுது டாக்டர்?" என்று கேட்பார்கள். "இதயம் சுருங்கி விரியறது பலவீனமா இருக்கு, அதுக்கு மருந்து ஆரம்பிச்சிருக்கோம். இதய டாக்டர் வந்து முழுசா பார்ப்பார்" என்பது போல, பார்த்ததையும் செய்ததையும் மட்டும் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் நோயாளியின் நெஞ்சிலிருக்கும் ஜெல்லை நீங்களே துடைத்துவிடுங்கள். ப்ரோபைக் கம்பெனி சொன்ன திரவத்தால் மட்டும் துடையுங்கள், சில ப்ரோபின் ரப்பர் ஸ்பிரிட் பட்டால் விரிசல் விடும். ஒயரைச் சுருட்டி மாட்டி, மெஷினின் சக்கரம் அதன் மேல் ஏறாமல் தள்ளிக்கொண்டுபோய், சார்ஜரில் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போங்கள்.